விமானியின் பல்வலியும் சட்டத்தின் செவியும்

பயணிகள் விமானத்தை ஓட்டுபவரின் உரிமம் தனித்து நிற்பதில்லை. மருத்துவத் தகுதிச் சான்றிதழ் என்ற இன்னொரு தாளின் துணையோடுதான் அது செல்லுபடியாகிறது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிகளின்படி, வணிக விமானங்களை ஓட்டுவோருக்குரிய முதல் வகுப்புச் சான்றிதழ் பொதுவாக ஓராண்டுக்குச் செல்லும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது ஆறு மாதமாகக் குறைகிறது. பரிசோதனை நடக்கும் அந்த ஒரு நாளில் கண், காது, இதயம், மனநிலை ஆகியவற்றை மருத்துவர் மதிப்பிடுகிறார். எஞ்சிய 364 நாள்களிலும் அந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டியவர் விமானியே. கடைவாய்ப் பல் சொத்தையாவதும், மச்சம் ஒன்று வெட்டி எடுக்கப்படுவதும், குடலிறக்கம் தைக்கப்படுவதும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான் நேர்கின்றன.

உடல்தகுதி குறைந்துவிட்டதாக அறிந்தவர் அந்தக் குறை நீங்கும்வரை விமானத்தை இயக்கக் கூடாது என்று ஐகாவோவை நிறுவிய உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு கூறுகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதித்தொகுப்பின் 61.53ஆம் பிரிவும் அதையே ஆணையிடுகிறது. கையில் செல்லத்தக்க சான்றிதழ் இருந்தாலும் விமானி தன்னைத்தானே தரையில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். சோதனை அதிகாரி எவரும் உடனில்லாத வேளையில், தன் வருமானத்துக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொல்லும்படி ஒரு தொழிலாளியிடம் சட்டம் கேட்பது எளிய கோரிக்கையன்று. அந்தக் கோரிக்கை எங்கே நிறைவேறுகிறது, எங்கே முறிகிறது என்பதை அறிய, பல் பிடுங்குதல் போன்ற சிறு சிகிச்சைகளை உற்றுநோக்குவதே நல்ல வழி.

தொட்டபெட்டா உயரத்தில் ஒரு பல்

தரையில் அற்பமாகத் தோன்றும் சிகிச்சை வானில் அற்பமாக இருப்பதில்லை என்பதற்கு முதற்காரணம் காற்றழுத்தம். பறக்கும் விமானத்தின் உட்பகுதியில் செயற்கையாக அழுத்தம் ஊட்டப்பட்டாலும் அது தரைமட்ட அழுத்தத்துக்குச் சமமாக இருப்பதில்லை. இயல்பான பறத்தலில் உள்ளழுத்தம் 8,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் கீழே போகாதபடி விமானங்கள் வடிவமைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்வதானால், அது ஊட்டி நகரத்துக்கும் தொட்டபெட்டாச் சிகரத்துக்கும் இடைப்பட்ட உயரம். வெப்பநிலை மாறாதிருக்கையில் அழுத்தம் குறையக் குறைய வாயுவின் கன அளவு பெருகும் என்ற பாயில் விதிப்படி, உடலுக்குள் வெளியேற வழியின்றி அடைபட்ட காற்று அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிவடைகிறது. விமானத்தின் உடற்கூட்டில் பழுது ஏற்பட்டு உள்ளழுத்தம் 35,000 அடிக்குரிய அளவுக்குத் திடீரென வீழ்ந்தால் அதே காற்று நான்கு மடங்குக்கு மேல் விரியும். விமானி மிகுந்த தெளிவோடு இயங்க வேண்டிய நொடியும் அதுவே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயரப் பறந்த வீரர்களுக்குத் தரையில் இல்லாத பல்வலி வானில் மட்டும் தோன்றி, இறங்கியதும் மறைந்தது கவனிக்கப்பட்டது. இன்று அழுத்தப் பல்வலி என்று குறிக்கப்படும் இந்த நோவு பெரும்பாலும் ஆரோக்கியமான பல்லில் வருவதில்லை. பற்கூழில் ஏற்கெனவே அழற்சி இருந்தாலோ, வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தாலோ, பல் அடைப்பின்கீழ் சொத்தை தொடர்ந்தாலோ அழுத்த மாற்றம் அதை வெளிக்கொணர்கிறது. மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் மேல்தாடை எலும்பின் காற்றறையான சைனஸுக்கு மிக அருகில் இருப்பதால், சைனஸ் அடைப்பின் வலி பல்வலியாகத் தோன்றுவதும் உண்டு. அத்தகைய பல்லைப் பிடுங்கும்போது வாய்க்கும் காற்றறைக்கும் இடையே சிறு துளை விழுந்துவிட்டால், புண் ஆறும்வரை ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அந்தத் துளையைச் சோதிக்கும். பல் பிடுங்கிய குழியில் இரத்தக்கட்டு கலைந்து எலும்பு வெளித்தெரியும் நிலை சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள்களுக்குப் பின்னரே கடும் வலியாக வெடிப்பதால், மறுநாள் வலி இல்லை என்பதை மட்டும் வைத்து ஒருவர் தன்னைத் தகுதியுள்ளவராகக் கருதிவிட முடியாது.

பல்லைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு கண். விழித்திரை விலகலைச் சரிசெய்யும் அறுவையில் விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்று வைக்கப்படுவதுண்டு. வாயுவின் வகையைப் பொறுத்து அது முற்றிலும் கரைய ஏறக்குறைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். அதற்குள் விமானம் ஏறினால் குமிழி விரிந்து, விழித்திரைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, பார்வையையே பறித்துவிடக்கூடும். இது பயணிக்கும் பொருந்தும் எச்சரிக்கை என்றாலும், மாதத்தில் பல முறை ஏறி இறங்குவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இதன் கனம் வேறு.

கத்தியினும் கூரிய மாத்திரை

அழுத்தத்துக்கு அடுத்தது மருந்து. சிறு சிகிச்சைகளில் பெரும்பாலும் வெட்டுக்காயத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் தரப்படும் மருந்தே விமானிக்கு நீண்ட தடையாகிறது. குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் கத்தியே படுவதில்லை. ஆனால் மயக்கம் தரும் மருந்து செலுத்தப்படுகிறது, குடலுக்குள் வாயுவும் செலுத்தப்படுகிறது. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் தன் விமானிகளுக்கு வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று, மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டபின் குறைந்தது 12 மணி நேரமும், முழு மயக்கமோ தண்டுவட மயக்கமோ பெற்றபின் குறைந்தது 48 மணி நேரமும் பறக்கக் கூடாது என்று கூறியது. இவை கீழெல்லைகளே; நோயின் தன்மையும் காயத்தின் நிலையும் தடையை நீட்டிக்கலாம்.

மாத்திரைகளுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ ஒரு கணக்கை வைத்திருக்கிறது: மயக்கம் தரும் இயல்புடைய மருந்தின் கடைசி வேளைக்குப் பிறகு, இரு வேளைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைப்போல் ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மாத்திரைக்கு இது 30 மணி நேரமாகிறது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் உடலை விட்டு மெதுவாக நீங்குவதால் அதற்கு 60 மணி நேரம் விதிக்கப்பட்டுள்ளது. அறுவைக்குப் பின் பரிந்துரைக்கப்படும் டிரமடால், கோடீன் போன்ற அபின் வகை வலிநீக்கிகளை உட்கொண்டபடி பறப்பதற்கு இடமே இல்லை.

இந்தக் கணக்குகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 1990 முதல் 2012 வரை அந்நாட்டில் விபத்துகளில் இறந்த 6,677 விமானிகளின் நச்சியல் சோதனை முடிவுகளைத் தொகுத்த அந்த ஆய்வில், ஏதேனும் ஒரு மருந்தின் தடயம் காணப்பட்டவர்களின் பங்கு சுமார் 10 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்திருந்தது. செயல்திறனைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் மிகுதியாகக் காணப்பட்டது டைஃபென்ஹைட்ரமின்தான். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு விமானங்களை ஓட்டியவர்கள் என்பதையும், இரத்தத்தில் மருந்து இருந்ததாலேயே அது விபத்துக்குக் காரணமாகிவிடாது என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆயினும் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரையை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை என்ற பொது வழக்கம் விமானிகளையும் விட்டுவைக்கவில்லை என்பது தெளிவு.

எதை, யாரிடம் சொல்வது?

வெளிப்படுத்தும் கடமையை ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விதமாக வகுத்திருக்கிறது. அமெரிக்க விமானி நிரப்பும் மருத்துவ விண்ணப்பம், கடந்த மூன்றாண்டுகளில் மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் சந்தித்த விவரங்களைக் கேட்கிறது. வழக்கமான பல், கண் பரிசோதனைகளை எழுத வேண்டியதில்லை என்று விலக்கும் அளிக்கிறது. ஆனால் அதே விண்ணப்பத்தின் வேறொரு வினா, தற்போது பயன்படுத்தும் மருந்துகள் அனைத்தையும், சீட்டின்றி வாங்கியவை உட்பட, குறிப்பிடச் சொல்கிறது. ஆகவே பல் மருத்துவரைப் பார்த்ததை எழுதாமல் விடலாம். அவர் தந்த மாத்திரை தொடர்ந்தால் அதை எழுதாமல் விட முடியாது. ஐரோப்பிய விதியோ வேறு வழியில் செல்கிறது: அறுவையோ உடலுக்குள் கருவி செலுத்தும் சிகிச்சையோ செய்துகொண்டவர், மருந்தொன்றை வழக்கமாக உட்கொள்ளத் தொடங்கியவர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், முதன்முறையாகக் கண்ணாடி தேவைப்படுபவர் என்று பட்டியலிட்டு, அவர்கள் தாமதமின்றி விமான மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும் என்கிறது. அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அப்போதே பேசச் சொல்வது இதன் சிறப்பு.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ, 2023இல் திருத்திய விதியில் பல் சிகிச்சையை நேரடியாகத் தொடும் ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தது: மது கலந்த வாய் கொப்பளிப்பு நீர், பற்பசைக் கூழ் போன்றவற்றை விமானப் பணிக்குழுவினர் பயன்படுத்தக் கூடாது; அத்தகைய மருந்து தேவைப்படுவோர் பணிக்குச் செல்லுமுன் நிறுவன மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். பறப்பதற்கு முன் 12 மணி நேரம் மது அருந்தக் கூடாது என்று விதித்து, பணிக்கு வருவோரை மூச்சுச் சோதனைக்கும் உட்படுத்தும் நாட்டில், பல் பிடுங்கியபின் பரிந்துரைக்கப்படும் ஒரு குப்பி நீர்கூட ஒரு விமானியின் பெயரைக் கெடுத்துவிடலாம் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை பொருளுடையதே.

சட்டம் முழுமையான நலத்தை எதிர்பார்ப்பதில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும். இரு விமானிகள் இயக்கும் விமானத்தில் ஒருவர் ஓராண்டுக்குள் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டைத் தாண்டாதவரை அதை ஏற்கலாம் என்பது விமான மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு விழுக்காட்டு விதி. ஓராண்டில் ஏறத்தாழ பத்தாயிரம் மணி நேரம் என்று கொண்டால், இது மணிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற வாய்ப்பாகிறது. மற்றொரு விமானி உடனிருப்பதும், புறப்பாடு, தரையிறக்கம் ஆகிய நெருக்கடிக் கட்டங்கள் குறுகியவை என்பதும் அந்த அபாயத்தை மேலும் பன்மடங்கு குறைக்கின்றன. அதாவது, அளந்து அறியப்பட்ட குறையோடு பறக்க விதி இடம் தருகிறது. அளக்க முடியாதது சொல்லப்படாத குறை ஒன்றுதான்.

மறைப்பின் பொருளாதாரம்

இவ்வளவு இருந்தும் விமானிகள் ஏன் மறைக்கிறார்கள்? 2022இல் வெளியான ஓர் ஆய்வு 3,765 விமானிகளிடம் இதைக் கேட்டது. சான்றிதழை இழக்க நேரும் என்ற அச்சத்தால் மருத்துவ உதவியைத் தவிர்த்ததுண்டு என்று 56.1 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர், எழுத்து மூலமான வினாப்படிவத்தில் தகவலை மறைத்ததுண்டு அல்லது திரித்ததுண்டு என்று நான்கில் ஒருவருக்கு மேல் கூறினர். தாமாக முன்வந்து விடையளித்தவர்களின் கருத்து என்பதால் இதை எல்லா விமானிகளின் அளவாகக் கொள்ள இயலாது. ஆனாலும் இது சில தனிமனிதர்களின் ஒழுக்கக் குறைபாடு என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவும் அல்ல.

சொல்பவர் இழப்பதையும் மறைப்பவர் இழப்பதையும் தராசில் வைத்தால் விடை கிடைக்கிறது. ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்ட விமானிக்கு எத்தனை மணி நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பது முன்பே தெரியும். ஓரிரு பணிநாள்களோடு இழப்பு முடிகிறது. எனவே அவர் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார். வெட்டி எடுத்த மச்சம் ஆய்வகத்துக்குப் போய்ப் புற்றுநோய் என்ற சொல்லோடு திரும்பினால், வெட்டு சிறிதாயினும் காத்திருப்பு நீள்கிறது. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று போகப்போக, எவ்வளவு காலம், என்னென்ன சோதனைகள், யார் முடிவெடுப்பார்கள் என்ற எதுவும் முன்கூட்டித் தெரியாத இருளுக்குள் விமானி நுழைகிறார். ஊதியத்தின் கணிசமான பகுதி பறந்த மணிக்கணக்கைப் பொறுத்த படியாக அமைந்திருக்கும் தொழிலில், முடிவுநாள் தெரியாத தற்காலிகத் தகுதியின்மை என்பது முடிவுநாள் தெரியாத வருமான இழப்பு. மறைப்புக்கு உரிய தண்டனை கடுமையானதுதான். அமெரிக்க விண்ணப்பத்திலேயே இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் என்று அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் மறைத்தால் தண்டனை வரலாம், சொன்னால் இழப்பு நிச்சயம் என்ற நிலையில் மனித மனம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்த கூப்பர் வழக்கு இதன் முரணை முழுமையாகக் காட்டுகிறது. எச்ஐவி தொற்றை மருத்துவச் சான்றிதழ் விண்ணப்பங்களில் பல முறை மறைத்த ஒரு விமானி, அதே நோயைக் காட்டிச் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை பெற்றிருந்தார். இரு துறைகளின் ஆவணங்களும் ஒப்பிடப்பட்டபோது அகப்பட்டு உரிமத்தை இழந்தார், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். தன் மருத்துவத் தகவல் துறைகளுக்கிடையே பகிரப்பட்டதால் நேர்ந்த மன உளைச்சலுக்கு அரசிடம் அவர் கோரிய இழப்பீடும் மறுக்கப்பட்டது. வழக்கின் மையம் தகவல் காப்புச் சட்டம் பற்றியதுதான். ஆனால் அதன் ஓரத்தில் இருக்கும் ஒரு செய்தியே இங்கே முதன்மையானது. பின்னர் நோயும் சிகிச்சையும் உட்பட அனைத்து ஆவணங்களையும் பரிசீலித்த எஃப்ஏஏ, அவருக்கு உரிமத்தையும் மருத்துவச் சான்றிதழையும் மீண்டும் வழங்கியது. அவரை இறுதியில் தரையில் நிறுத்தியது நோயன்று, மறைப்பே.

செவி சாய்த்தபோது நடந்தவை

2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டு 150 பேர் இறந்த நிகழ்வு, வெளிப்படுத்தல் பற்றிய விவாதத்தை உலகெங்கும் மாற்றியது. பல் பிடுங்கியவரையும் கடும் மனநோயுற்றவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது; மனச்சோர்வுற்ற விமானிகளில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு நினையாதவர்கள். ஆனால் அந்த விபத்தை ஆராய்ந்த பிரெஞ்சுப் புலனாய்வு அமைப்பின் பரிந்துரைகளில் உள்ள சமநிலை கருதத்தக்கது. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் என்று மருத்துவர் கருதும்போது நோயாளியின் இரகசியத்தை எப்போது மீறலாம் என்பதற்குத் தெளிவான விதி வேண்டும் என்று ஒருபுறம் கூறிய அந்த அமைப்பு, உரிமத்தை இழக்கும் விமானியின் பொருளாதார வீழ்ச்சியைத் தணிக்கவும், சக விமானிகள் துணைநிற்கும் ஆதரவுக் குழுக்களை அமைக்கவும் மறுபுறம் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இயற்றிய ஒழுங்குமுறை அத்தகைய ஆதரவுத் திட்டத்தை விமான நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் டிஜிசிஏயும் 2023இல் இதே நோக்கில் வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதற்கும் முன்பே, 2010 ஏப்ரலில், எஃப்ஏஏ துணிவான ஒரு முடிவை எடுத்திருந்தது. அதுவரை முற்றாகத் தடை செய்யப்பட்டிருந்த மனச்சோர்வு மருந்துகளில் நான்கை, உரிய கண்காணிப்போடு அனுமதித்ததுடன், முன்னர் மறைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் உண்மையைச் சொன்னால் அவர்கள்மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்றும் அறிவித்தது. 1970களில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, மதுவுக்கு அடிமையான விமானிகளைச் சிகிச்சைக்கு உட்படுத்தி மீண்டும் பணியில் அமர்த்தும் திட்டமும் இதே தத்துவத்தின் மேல் எழுந்தது: திரும்பி வரும் வழி கண்ணுக்குத் தெரிந்தால்தான் மனிதர் போகத் துணிவர்.

பயணிகளின் உயிரோடு விளையாடும் தளர்வு இது என்று சிலர் அஞ்சலாம். அந்த அச்சம் இரு வேறு கண்டிப்புகளை ஒன்றாக எண்ணுவதால் எழுகிறது. எந்த உடல்நிலையோடு பறக்கலாம் என்ற அளவுகோலில் தளர்வு கூடாது. வேண்டுமென்றே பொய் சொன்னவரைத் தண்டிப்பதிலும் தளர்வு தேவையில்லை. தளர வேண்டியது, உண்மை சொன்னவர் அதற்காகக் கொடுக்கும் விலை மட்டுமே. மறைக்கப்பட்ட நோயை எந்தக் கடுமையான அளவுகோலாலும் அளக்க முடியாது.

பல் நாற்காலி கற்பிக்கும் பாடம்

பல் சிகிச்சையில் விதி செயல்படுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன: காத்திருப்பின் அளவு முன்பே தெரியும், இழப்பு தாங்கக்கூடியது, திரும்பி வருவது உறுதி. பிற நோய்களிலும் இந்த மூன்றையும் இயன்றவரை உருவாக்குவதே சீர்திருத்தத்தின் சாரமாக இருக்க வேண்டும். வழக்கமாக நேரும் சிறு அறுவைகளுக்கும் மருந்துகளுக்கும் எவ்வளவு காலம் பறக்கக் கூடாது என்ற எளிய அட்டவணை ஒவ்வொரு விமானியின் கையிலும் இருக்க வேண்டும். ஆவணங்கள் முழுமையாகத் தரப்பட்டபின் மறுபரிசீலனைக்குக் காலவரம்பு வேண்டும். நீண்டகாலத் தகுதியின்மைக்கு ஊதியக் காப்பும், உரிமம் இழப்போருக்குக் காப்பீடும் நிறுவனங்களின் பொறுப்பாக வேண்டும். விமானி கலந்துகொள்ளும் நிறுவன மருத்துவர், பணிப்பட்டியல் போடும் அலுவலரின் அழுத்தத்துக்கு அப்பாற்பட்டவராக இருக்க வேண்டும்.

விமானிகளுக்கும் விமானத்துறைக்கு வெளியே இருக்கும் மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்துச் சீட்டு எழுதும் பல் மருத்துவருக்குத் தன்முன் வாய் திறந்து படுத்திருப்பவர் மறுநாள் இருநூறு பேரைச் சுமந்து பறக்கப்போகிறவர் என்பது தானாகத் தெரிய வழியில்லை. அதைச் சொல்வது விமானியின் முதற்கடமை, சொன்னபின் மயக்கம் தராத மருந்தைத் தேர்வதும் அடுத்த பணிநேரத்தைக் கேட்டறிவதும் மருத்துவரின் கடமை. வெளிப்படுத்தல் என்ற பழக்கம் தொடங்குவது அரசுப் படிவத்தில் அன்று, அந்த நாற்காலியில்தான். அங்கே சொன்ன உண்மைக்கு இரண்டு நாள் ஓய்வும் பிறகு வழக்கமான பணியும் கிடைக்கக் கண்டவர், வேறொரு நாளில் தூக்கம் வரவில்லை என்று சொல்லவும் வாய் திறப்பார்.